நம் கதைகளில் ஏன் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசுகிறார்கள்?

பெகு வாத்தியார்:

பர்மாத் தமிழர்களான நாம் எழுதும் இந்தத் தளத்தில் சமீபத்தில் வந்த கதைகளை வரிசையாக வாசித்து முடித்தேன். கரண்ட் இல்லாத ராத்திரிகளுக்கு நன்றி. போனில் சார்ஜ் இருக்கிறவரை வாசிப்பு, அப்புறம் தூக்கம். எல்லோரும் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள். அவள் முக்கியமான எதையோ சொல்லப்போகிறாள். உடனே அவனுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொல்கிறாள். அவன் அந்த முதுகைப் பார்த்துப் பதில் சொல்கிறான். ஒரு கதையில் வந்தால் விட்டுவிடலாம், கதைக்குக் கதை வருகிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அவள் அரிசி புடைப்பதை நிறுத்த மாட்டாள், புடைத்துக்கொண்டேதான் திட்டுவாள். நான் காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஜன்னல் சமாசாரம் எங்கிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரியும். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றால் கேமராவுக்கு ஒருவர் முகம்தான் முழுசாகக் கிடைக்கும். ஒருத்தரை முன்னால் இந்தப் பக்கம் பார்க்க வைத்து, மற்றவரை அவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் இரண்டு முகமும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) விழும். சீரியல்களில் இது தினப்படி நடப்பது. படம் பிடிக்கிறவன் தன் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு, கேமராவே இல்லாத நம் கதைக்குள் என்ன வேலையாக வந்தது?

எழுதும்போது உங்கள் கண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்லுங்களேன்.

---

மோல்மீன்காரன்:

வாத்தியாரே, மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் படம்தான் ஓடுகிறது. வெளியே தெரு, அப்புறம் வீடு, அப்புறம் கதவு, அப்புறம் முகம். அது ஓடவில்லை என்றால் எனக்கு ஒரு வரி வராது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதோடு யார் யாரிடம் கற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1944-இல் ரஷ்யப் பட இயக்குநர் ஐசன்ஸ்டீன் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டும் வித்தையை அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் எங்கிருந்து எடுத்தார் என்றால், டிக்கன்ஸ் நாவல்களிலிருந்துதான் என்பது அதன் வாதம். 1908-இல் கிரிஃபித் அப்படி ஒரு படத்தை எடுத்தபோது, இப்படித் தாவித் தாவிக் கதை சொன்னால் யாருக்குப் புரியும் என்று கேட்டார்களாம். டிக்கன்ஸ் அப்படித்தானே எழுதுகிறார் என்றாராம் அவர். ஆக, நம்மிடம் கடன் வாங்கிப்போனதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்வோமே!

---

சிரியம் பேத்தி:

என் கதையையும் சேர்த்துத்தான் வாத்தியார் சொல்கிறார் என்று தெரியும், பரவாயில்லை.

நான் சொல்ல வருவது வேறு. என் பாட்டி 1942-இல் சின்னப் பிள்ளை. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரே காலி செய்துகொண்டு இந்தியாவை நோக்கி நடந்தது இல்லையா, அந்தக் கூட்டத்தில் அவர்கள் குடும்பமும் கிளம்பி, வடக்கே ப்ரோம் ஊர்வரை போய், அதற்கு மேல் போக வழியில்லாமல் திரும்பி வந்தவர்கள். திரும்பி வந்ததால்தான் நான் இங்கே இருக்கிறேன். அதை வைத்து ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். தலைக்கு மேல் விமானம், நாலா பக்கமும் சிதறி ஓடும் ஜனம், புழுதிக்கு நடுவே தனியாக நின்று அழும் ஒரு குழந்தை, அதன் கையில் ஒரு பொம்மை. கை தானாக எழுதிக்கொண்டு போனது. அவ்வளவு சுலபமாக வந்ததே எனக்குச் சந்தேகம்.

பாட்டி சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அவர் விமானத்தைப் பார்க்கவே இல்லை. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) முதல் குண்டு விழுந்தபோது கட்டிலுக்கு அடியில் கிடந்தவருக்குச் சத்தம் மட்டும்தான். வழியைப் பற்றிச் சொல்லும்போது ஊர்ப் பெயர் சொல்ல மாட்டார். “உப்பு தீர்ந்த இடம்”, “பெரியப்பா செருப்பை வித்த இடம்” என்றுதான் சொல்வார். பெரியப்பா செருப்பை விற்று என்ன வாங்கினார் என்று கேட்டால், மறந்துபோச்சு என்பார். பொம்மை எல்லாம் யார் வீட்டில் இருந்தது?

இந்தச் செருப்பு எந்தப் படத்திலும் வராது. பொம்மை எல்லாப் படத்திலும் வரும். என் தலைக்குள் பொம்மை முன்னால் வந்து நின்றுகொண்டு செருப்பை மறைத்துவிட்டது. எனக்கு சினிமாமேல் இருக்கிற கோபம் இவ்வளவுதான்.

---

ஒற்றைத் திரை:

பேத்தி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

நான் இந்த இழையில் கிழவன் கட்சி. யாங்கூன் போஜோ ஆங் சான் சாலையில் வரிசையாகத் தியேட்டர்கள் இருந்த காலத்தைக் கண்ணால் கண்டவன். பர்மாக்காரர்கள் முதல் கதைப்படத்தை 1920-லேயே எடுத்துவிட்டார்கள், அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. தமிழ்ப் படம் வரும்போது சனம் சோறு கட்டிக்கொண்டு வரும். 1964-இல் கடை கண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நம் ஆட்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள், அதோடு அந்தக் கூட்டமும் போயிற்று. பிறகு வீடியோ கேசட், விசிடி, டிஷ் ஆன்டெனா. இப்போது எல்லாம் போனில்.

மழையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் கதைகளில் யாராவது செத்தால் மழை, காதல் முறிந்தால் மழை. சினிமாவில் மழை லாரித் தண்ணீரில் பெய்வது. பின்னாலிருந்து விளக்குப் போட்டால்தான் துளி கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் அங்கே மழை எப்போதும் மின்னுகிறது. யாங்கூனில் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் கொட்டுகிறது, சென்னையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மே நடுவில் பிடித்தால் அக்டோபர்வரை விடாது. யார் செத்தாலும் பிறந்தாலும் பெய்யும். இங்கே மழை என்றால் லுங்கி காயாது, நாலு நாள் ஈரத்தில் கிடந்த துணியின் புழுங்கல் வாடை, சுவரோரம் பச்சைப் பாசி, செருப்புக்குள் தண்ணீர். இந்த ஊரில் பிறந்து இந்த மழையில் நனைந்த பிள்ளை, எழுதும்போது கோடம்பாக்கத்து மழையைப் பெய்ய வைக்கிறானே, என்ன செய்ய?

---

தேநீர்க்கடை மூலை:

ஐயா மழையோடு நிறுத்திவிட்டார். ஊரையே வாங்கி வந்திருக்கிறோம்.

நம்மில் எத்தனை பேர் தமிழ்நாட்டைப் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தை இப்போதே எழுதிக் கொடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்: ஆலமரம், மேடை, சொம்போடு நாட்டாமை, வாய்க்காலில் தாவணிப் பெண்கள், கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கும் மீசைக்காரன். எல்லாம் படம் போட்ட சோறு. அங்கே நிஜமாக வயலில் என்ன பூச்சி அடிக்கிறது, ரேஷன் கடையில் எப்படி நிற்கிறார்கள், எனக்கு என்ன தெரியும்?

அதே சமயம் என் வீட்டுக்கு எதிரே தினமும் நடப்பது எனக்குக் ‘கதைக்கான இடமாக’த் தோன்றவே இல்லை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய தமிழ்ப் பிள்ளைகள், முழங்கால் உயரத்து ஸ்டூல், மீன் குழம்பும் நூடுல்ஸுமான மொகிங்கா அண்டா, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரனிடம் பர்மியத்தில் பேரம் பேசிவிட்டு அடுத்த வார்த்தையைத் தமிழில் திட்டும் அத்தை. இதை எல்லாம் நான் திரையில் பார்த்ததில்லை. திரையில் பார்க்காததை எழுதக் கூச்சமாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், என் கதைகளில் நாயகன் மொகிங்கா சாப்பிட்டதே இல்லை. இட்லிதான்.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1952-இல் வந்த ‘பராசக்தி’யில் அண்ணன் தம்பிமார் ரங்கூன்காரர்கள்தானே. அங்கே இருக்கிற ஜனங்களுக்கு நம் ஊர் அந்தப் படத்து ரங்கூன், நமக்கு அவர்கள் ஊர் நம் டிவியில் வரும் கிராமம். இரண்டு பக்கமும் செட்டுதான்.

---

மோல்மீன்காரன்:

எல்லோரும் சேர்ந்து சினிமாவைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், சரி, வக்கீலாக நானே நிற்கிறேன்.

‘மூலை’ அண்ணே, மொகிங்கா எழுதக் கூசியது உங்கள் கூச்சம், அதை ஏன் கேமரா தலையில் கட்டுகிறீர்கள்? சினிமா நமக்குக் கற்றுத் தந்ததும் உண்டு. ரஷ்ய இயக்குநர் குலஷோவ் செய்து காட்டியது தெரியுமா? ஒரு நடிகரின் முகம், அசையாத முகம். அதற்கு அடுத்து ஒரு கிண்ணம் சூப். மறுபடி அதே முகம், அடுத்து சவப்பெட்டி. மறுபடி அதே முகம், அடுத்து ஒரு பெண். பார்த்தவர்கள் பசியை எப்படி நடித்தார், துக்கத்தை எப்படி நடித்தார் என்று மெச்சினார்களாம். அவர் ஒன்றுமே நடிக்கவில்லை.

இந்தப் பாடத்தைக் கதைக்குள் கொண்டுவந்தால் பாதி அழுகை குறையும். பழைய தொடர்கதைகளில் “அவள் உள்ளம் வேதனையில் துடித்தது” என்று எழுதுவார்கள். நான் அதை எழுத மாட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், பால் பொங்கி வழிந்தது என்று இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். வாசிப்பவர் சேர்த்துக்கொள்வார்.

---

பெகு வாத்தியார்:

பால் பொங்கி வழிவதை நானே பல படங்களில் பார்த்தாகிவிட்டது தம்பி. (சும்மா சொன்னேன், கோபிக்காதீர்கள்.)

பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற வித்தைக்கு ரஷ்யாவரை போக வேண்டாம். குறுந்தொகை 25, கபிலர். தலைவன் அவளைக் கூடியபோது சாட்சிக்கு யாரும் இல்லை. அவன் கைவிட்டுவிட்டால் என்ன செய்வேன் என்கிறாள். அப்போது அங்கே இருந்தது ஒரு குருகு மட்டும். தினைத் தாள் மாதிரி மெலிந்த கால், ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிள்ளைகளுக்கு இதை நடத்தும்போது “இது குளோசப் ஷாட்டு சார்” என்று ஒருவன் சொன்னான். நானும் தலையாட்டினேன், அவ்வளவு அழகாகச் சொன்னான்.

---

நதிக்கரை:

வாத்தியார் ஐயா, அந்தப் பையனோடு எனக்குச் சண்டை.

குருகின் காலை அருகில் காட்டுவது குளோசப் போல இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டைப் படம் எடுங்கள் பார்ப்போம். குருகு வரும், கால் வரும், தண்ணீர் வரும், மீன் வரும். “அதுவும் இருந்தது” என்கிற குறை வருமா? ஊரே பார்க்காத ஒன்றுக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு பறவை, அதுவும் தன் இரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களைப் பார்க்கவில்லை. பயனில்லாத சாட்சி. அவள் அதை நினைத்துச் சொல்வதால்தான் அந்தக் கால் அவ்வளவு மெலிவாகத் தெரிகிறது. அவள் பயத்தின் அளவு அது. கேமராவுக்குக் குருகு குருகுதான்.

நம் கதைகளில் எனக்கு ஜன்னலைவிடப் பெரிய தொந்தரவு இதுதான், யார் பார்க்கிறார்கள் என்பதே இல்லை. சட்டத்துக்குள் இருக்கிறதையெல்லாம் வரிசையாக எழுதுகிறோம்: மேசை, மேசைமேல் விளக்கு, நீலத் திரைச்சீலை, சுவரில் காலண்டர், அவன் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை. திரையில் இதெல்லாம் ஒரே நொடியில் மொத்தமாகக் கண்ணில் படும், வேண்டியதைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். முதலில் எது வருகிறது என்பதே ஒரு தீர்ப்பு. கடன் கேட்க வந்தவன் கண்ணில் முதலில் எது படும்? பீரோச் சாவி. அந்த வீட்டில் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடப்பவளுக்கு? கூரையில் ஒழுகிய கறை. காலண்டர் இரண்டு பேருக்குமே தெரியாமல் போகலாம்.

இன்னொன்று. “செவ்வாய்க்கிழமை ஆனால் அத்தை வந்துவிடுவாள். வந்து அப்பாவைப் பற்றி ஒரு கோள் சொல்லிவிட்டு, இரண்டு வாழைப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு போவாள்.” இந்த இரண்டு வாக்கியத்தில் பத்து வருஷம் இருக்கிறது. இது எந்த ஒரு செவ்வாய்க்கிழமையும் இல்லை. சினிமா இதைச் சொல்ல நான்கைந்து செவ்வாய்க்கிழமைகளை எடுத்து, வெட்டி ஒட்டி, பின்னால் பாட்டுப் போட வேண்டும். எழுத்துக்கு ஓசியில் கிடைத்த வசதி இது. அதை விட்டுவிட்டு நாம் என்ன எழுதுகிறோம்? “அத்தை கதவைத் தட்டுகிறாள். நான் திறக்கிறேன். அவள் சிரிக்கிறாள்.” திரைக்கதை எழுதுகிறவர்கள் இப்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு, படப்பிடிப்பில் இருப்பவர்களுக்கு அது வேலைக் குறிப்பு. நம் கதையை யார் எடுக்கப்போகிறார்கள்?

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சினிமாத் தொழிலைப் பற்றி ‘கரைந்த நிழல்கள்’ என்று நாவலே எழுதியிருக்கிறார். அதைப் படித்தால் கேமராவைச் சுற்றி இருக்கிறவர்களின் சம்பள பாக்கியும் அலைச்சலும்தான் மனசில் நிற்கிறது. உள்ளேயே இருந்தவருக்கு அந்த மயக்கம் இல்லை போலிருக்கிறது. வெளியில் நின்று போஸ்டர் பார்க்கிற நமக்குத்தான் இவ்வளவு மயக்கம்.

---

மோல்மீன்காரன்:

அத்தையும் வாழைப்பழமும் அருமை அக்கா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எல்லா நிகழ்கால நடையையும் குப்பை என்று தள்ளிவிட முடியாது. அடிதடி, விபத்து, பிரசவம் இதெல்லாம் நடக்க நடக்கத்தான் சூடு. அதுமட்டும் பதிவாகட்டும்.

---

ஒற்றைத் திரை:

பதிவாகட்டும். ஆனால் ரயில் பின்னால் ஓடுகிற காட்சிக்கு இந்தத் தளத்தில் தடை போட வேண்டும் என்று முன்மொழிகிறேன். நம்ம யாங்கூன் சுற்று ரயில் 46 கிலோமீட்டரைச் சுற்றி வர மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்ட வண்டி. அதில் போகிறவனை வழியனுப்ப ஓட வேண்டிய அவசியமே இல்லை. பேசிக்கொண்டே கூட நடந்தால் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும்.

---

புது உறுப்பினர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே புதியவள். ரயில் என்றதும் பயந்துவிட்டேன், ஏனென்றால் என்னிடம் பஸ் இருக்கிறது. தம்பி மலேசியாவுக்கு வேலைக்குப் போகும் கதை. திட்டினாலும் பரவாயில்லை என்று போடுகிறேன்.

*மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் மெல்ல நகர்ந்தது. அம்மா ஓடி வந்தாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் உள்ளங்கை பதிந்தது. உள்ளிருந்து அவன் அதே இடத்தில் தன் கையை வைத்தான். பஸ் வேகமெடுத்தது. அம்மாவின் கையிலிருந்த டிபன் பாக்ஸ் கீழே விழுந்து உருண்டு ஓடியது.*

---

தேநீர்க்கடை மூலை:

தங்கச்சி, திட்ட ஒன்றும் இல்லை, இதை நாங்கள் எல்லோரும் எழுதியிருக்கிறோம். ஒரே ஒரு கேள்வி. டிபன் பாக்ஸ் உருண்டதை யார் பார்த்தது? தம்பி பஸ்ஸுக்குள் போய்விட்டான். அம்மா பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

---

சிரியம் பேத்தி:

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். இது உங்கள் வீட்டில் நடந்ததா? நடந்தது என்றால் உங்கள் அம்மா நிஜமாக என்ன செய்தார்கள்?

---

புது உறுப்பினர்:

வீட்டில் நடந்ததுதான் அக்கா. அம்மா ஓடவே இல்லை. பஸ் புறப்படும்வரை நிற்கவும் இல்லை. தம்பிக்கு பஸ்ஸில் வாந்தி வரும், அதனால் முன் சீட்டு கொடு என்று கண்டக்டரோடு பர்மியத்தில் சண்டை போட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு பர்மியம் கோபத்தில்தான் சரளமாக வரும். சீட்டு கிடைத்ததும் தம்பி சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகிற கடைசி லைன் பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கு மழையும் இல்லை, நல்ல வெயில். இதில் காட்சி எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் அதை எழுதினேன்.

---

நதிக்கரை:

இப்போது எழுதியதை அப்படியே எடுத்துக் கதைக்குள் வையுங்கள். கண்டக்டர் சண்டையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம், அம்மா சொன்ன பர்மியச் சொற்களோடு. எலுமிச்சம்பழத்தை விளக்கவே வேண்டாம்.

---

பெகு வாத்தியார்:

‘மெல்ல’வை மட்டும் எங்கே பார்த்தாலும் எடுத்துவிடம்மா. மெல்லத் திரும்பினாள், மெல்லச் சிரித்தாள், மெல்ல நகர்ந்தது. அத்தனையும் ஸ்லோ மோஷன்.

---

மோல்மீன்காரன்:

இந்த இரண்டாவது அம்மாவையும் என்னால் படம் எடுக்க முடியும், பந்தயம். சண்டையை ஒரே ஷாட்டில் எடுப்பேன், எலுமிச்சம்பழத்தைப் பையில் வைக்கும் கை, வெயில், கூட்டத்துக்குள் போகும் இரண்டு முதுகுகள். தங்கச்சி, அந்தக் கடைசி லைன் பஸ் எத்தனை மணிக்கு?

---

புது உறுப்பினர்:

அப்போது மணி நாலு கூட ஆகவில்லை அண்ணா. கடைசி பஸ் ஏழு மணிக்கு. அம்மாவுக்கும் அது தெரியும். எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

---

நதிக்கரை:

எடுங்கள் மோல்மீன்காரரே, பார்ப்போம்.

---

மோல்மீன்காரன்:

பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைக் காட்டுவேன்.

---

நதிக்கரை:

காட்டினால் எல்லோருக்கும் அங்கேயே தெரிந்துவிடும். பிள்ளைக்கு ரொம்ப நாள் கழித்துத்தானே தெரிகிறது?

---

மோல்மீன்காரன்:

அப்படியென்றால் ஃபிளாஷ்பேக் போட வேண்டும். வாத்தியார் பிரம்போடு வருவார். நாளைக்குள் ஒரு வழி கண்டுபிடித்து இங்கேயே எழுதுகிறேன், இழையைப் பூட்டிவிடாதீர்கள்.